இரண்டரைக் கோடிப் பேர் உட்கார்ந்த வகுப்பறை

2001 மே 16 இரவு, 'தி வெஸ்ட் விங்' தொடரின் ரசிகர்களை ஒரு கேள்வியோடு அந்தரத்தில் தொங்கவிட்டுப் போனது அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சி. கதையில் வரும் அதிபர் ஜோசையா பார்ட்லெட்டுக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய். அதை மறைத்துத்தான் தேர்தலில் ஜெயித்திருக்கிறார். குட்டு உடைகிற நேரத்தில், தாய்போல் இருந்த செயலாளரும் விபத்தில் இறந்துபோகிறார். இறுதிச்சடங்கு முடிந்து ஆளற்றுக் கிடக்கும் தேவாலயத்தில் நின்று, கடவுளையே லத்தீனில் ஏசுகிறார் பார்ட்லெட். பிறகு நிருபர்கள் முன் வருகிறார். மறுபடியும் போட்டியிடுவீர்களா என்று கேட்கிறார்கள். கைகளைப் பேண்ட் பைக்குள் விட்டுக்கொண்டு, முகத்தைத் திருப்பி, லேசாகச் சிரிக்கிறார். அத்தோடு சீசன் முடிந்துவிட்டது.

அந்தச் சிரிப்புக்குப் பொருள் தெரிய ஏறக்குறைய ஐந்து மாதம் காத்திருந்தார்கள் ரசிகர்கள். அதற்குள் செப்டம்பர் 11 வந்தது.

இரட்டைக் கோபுரங்கள் விழுந்து சரியாக 22-ஆம் நாள், அக்டோபர் 3 அன்று, 'ஐசக் அண்ட் இஷ்மேல்' என்ற எபிசோடு ஒளிபரப்பானது. தொடரை உருவாக்கிய ஆரன் சார்க்கின் அவசர அவசரமாக எழுதியது. தொடக்கத்திலேயே நடிகர்கள் தங்கள் சொந்த முகத்தோடு கேமரா முன் வந்து, இது தொடர்கதையில் எங்கும் சேராது, எங்கே பொருந்தும் என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வழக்கமான டைட்டில் இசைக்குப் பதில் நன்கொடை அனுப்புவதற்கான தொலைபேசி எண்கள் ஓடின. பார்த்தவர்கள் சுமார் இரண்டரைக் கோடிப் பேர். அந்தத் தொடருக்கு அதுவரை இவ்வளவு கூட்டம் சேர்ந்ததில்லை.

எபிசோடு முடிந்ததும் கருத்துகள் இரண்டாகப் பிளந்தன. நாடு நடுங்கிக்கொண்டிருக்கும்போது துணிந்து பேசினார்கள் என்றது ஒரு தரப்பு. கதை கேட்க வந்தவர்களை உட்காரவைத்துப் பாடம் எடுத்துவிட்டார்கள் என்றது மற்றொன்று. விமர்சகர்களில் பலர் இரண்டாவது பக்கம்தான் நின்றார்கள். 'தி லெஃப்ட் விங்' என்று இந்தத் தொடரை ஏற்கெனவே கிண்டலடித்து வந்த வலதுசாரிகளுக்குக் கேட்கவே வேண்டாம்.

பாடம் எடுத்தார்கள் என்ற குற்றச்சாட்டு பொய்யில்லை. கதைப்படி வெள்ளை மாளிகையைச் சுற்றிப்பார்க்க வந்த பள்ளி மாணவர்கள், திடீர்ப் பாதுகாப்பு எச்சரிக்கையால் அங்குள்ள உணவுக்கூடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். அதிபரின் ஆலோசகர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து பேசுகிறார்கள். இஸ்லாமியத் தீவிரவாதிக்கும் இஸ்லாத்துக்கும் என்ன உறவோ, அதுவே வெள்ளை இனவெறி அமைப்பான கூ கிளக்ஸ் கிளானுக்கும் கிறிஸ்தவத்துக்கும் என்று வெள்ளைப் பலகையில் எழுதிக் காட்டுகிறார் ஜோஷ். பயங்கரவாதம் எந்தக் காலத்திலும் நினைத்ததைச் சாதித்ததில்லை என்கிறார் சாம். தாலிபான்களிடம் சிக்கிய ஆப்கன் மக்களின் நிலையை விளக்குகிறார் டோபி. உளவாளிகள் இல்லாமல் எதுவும் நடக்காது என்று வாதாடுகிறார் சி.ஜே. அதிபரின் மனைவி ஆபிரகாமின் இரண்டு பிள்ளைகளின் கதையைச் சொல்கிறார்.

தமிழ் வாசகர்களுக்கு அது புதிய கதையில்லை. பைபிள் படிக்கும் வீடுகளில் அவர்கள் ஈசாக்கும் இஸ்மவேலும். பக்ரீத் கொண்டாடும் வீடுகளில் இஸ்ஹாக்கும் இஸ்மாயிலும். ஒரே தகப்பன், இரண்டு தாய்கள், வீட்டைவிட்டு அனுப்பப்பட்ட ஒரு பிள்ளை. பெரிய கதைதான். ஆனால் அதை ஒரு பாத்திரம் பிள்ளைகளைப் பார்த்து ஒப்பிக்கும்போது, இது பள்ளிப் பாடம் மாதிரி இருக்கிறதே என்று எவருக்கும் தோன்றத்தான் செய்யும்.

மாணவர்கள் என்று அங்கே உட்காரவைக்கப்பட்டவர்கள் உண்மையில் பார்வையாளர்கள்தான். கேள்வி கேட்கும் வேலை மட்டும் பிள்ளைகளுக்கு. பதில் முழுக்கப் பெரியவர்களிடம். எந்தப் பதிலையும் எதிர்த்து யாரும் ஜெயிப்பதில்லை. வாரந்தோறும் பார்ட்லெட்டின் ஆட்கள் ஒருவரோடொருவர் முட்டி மோதுவதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அது உப்பில்லாத பந்தியாகத்தான் இருந்திருக்கும். இந்த இடத்தில் ரசிகர்களின் கோபம் நியாயமானது.

ஆனால் அதே எபிசோடில் இன்னொரு அறை இருக்கிறது. 'வெறும் உபதேசம்' என்று மொத்தத்தையும் ஒதுக்கியவர்கள் அந்த அறையைச் சரியாகப் பார்க்கவில்லை.

தேடப்படும் ஒருவனின் புனைபெயரும் வெள்ளை மாளிகையில் வேலை பார்க்கும் ராகிம் அலி என்ற இளைஞரின் பெயரும் ஒத்துப்போகின்றன. அவரை ஓர் அறையில் உட்காரவைத்து விசாரிக்கிறார்கள். விசாரிப்பவர் லியோ மெக்கேரி: அதிபரின் தலைமை அதிகாரி, தொடரின் மனசாட்சி என்று ரசிகர்கள் கொண்டாடிய மனிதர். ஜான் ஸ்பென்சர் நடித்த பாத்திரம். அலியாக நடித்தவர் அஜய் நாயுடு. அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த இந்திய வம்சாவளிக்காரர்.

சவுதி அரேபியாவில் அமெரிக்கப் படை இருப்பதை எதிர்த்து ஏன் போராட்டத்தில் கலந்துகொண்டாய் என்று கேட்கிறார் லியோ. எங்கே எது நடந்தாலும் முதலில் எங்களைத்தான் சந்தேகிக்கிறார்கள் என்கிறார் அலி. காரணம் உனக்கே தெரியாதா என்கிற தொனியில் வருகிறது பதில். அதுதான் நீ கொடுக்க வேண்டிய விலை என்று ஆரம்பித்து, வாக்கியத்தை முடிக்காமல் விழுங்கிக்கொள்கிறார் லியோ. எதற்கான விலை என்று அலி திருப்பிக் கேட்கிறார். பதில் வருவதில்லை. இத்தனைக்கும் முதல் சீசன் முடிவில் பார்ட்லெட்டின் குழுவை நோக்கிச் சுட்டவர்கள் வெள்ளை இனவெறியர்கள். தொடரைத் தொடர்ந்து பார்த்தவர்களுக்கு இது நினைவிருக்கும், லியோவுக்கும் தெரியும். தெரிந்தும் அவர் வாயில் அந்த வார்த்தை வருகிறது.

அந்த வாரங்களில் அமெரிக்காவில் இது வெறும் கதையாக இல்லை. செப்டம்பர் 15 அன்று அரிசோனாவின் மேசா நகரில், தன் பெட்ரோல் நிலையத்துக்கு வெளியே நின்றிருந்த பல்பீர் சிங் சோதி என்ற சீக்கியர் சுட்டுக் கொல்லப்பட்டார். தலைப்பாகையும் தாடியும் பார்த்து அவரை அரபு நாட்டவர் என்று நினைத்துச் சுட்டிருந்தான் கொலையாளி. துப்பாக்கி எடுத்தவன் ஒருவன்தான். பார்வையில் சந்தேகம் வைத்தவர்கள் கோடிக்கணக்கானோர். அவர்களில் பலர் லியோவைப் போன்றவர்கள். நல்லவர்கள், படித்தவர்கள், யார் மீதும் கை ஓங்காதவர்கள்.

உணவுக்கூடத்தில் நூறு முறை சொன்னாலும் ஏறாதது, நேசிக்கும் ஒரு பாத்திரம் அசிங்கமாக நடந்துகொள்ளும்போது உறைக்கிறது. ஜோஷின் வெள்ளைப் பலகையை ஒத்துக்கொள்ளலாம், மறுக்கலாம். பார்ப்பவருக்கு அதில் நஷ்டம் எதுவுமில்லை. லியோவைப் பார்க்கும்போது அப்படித் தப்பிக்க முடியாது. இவ்வளவு காலம் அவர் பக்கம் நின்றவர்கள், அந்தப் பாதி வாக்கியத்திலும் அவர் பக்கம்தான் நிற்கிறோமா என்று தங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அன்றைய சூழலில் இதைக் காட்டுவதற்கும் தைரியம் வேண்டும். பில் மாஹர் தன் அரட்டை நிகழ்ச்சியில் அமெரிக்க ராணுவ உத்தியைக் குறை சொல்லப்போய், ஃபெடெக்ஸ், சியர்ஸ் போன்ற விளம்பரதாரர்கள் கையை விரித்துவிட்டார்கள். என்ன பேசுகிறோம் என்று எல்லோரும் யோசித்துப் பேச வேண்டும் என்று நிஜ வெள்ளை மாளிகையின் செய்தித் தொடர்பாளர் ஆரி ஃப்ளைஷரே அறிவுரை சொன்ன காலம் அது. எபிசோடு ஒளிபரப்பான நான்காம் நாள் ஆப்கானிஸ்தானில் குண்டுகள் விழத் தொடங்கின.

ரசிகர்களின் ஏச்சு சார்க்கினுக்கு உறைக்காமலும் போகவில்லை; ரசிகர்கள் எழுதுவதைத் தேடிப்போய்ப் படித்து, அவர்களோடு மல்லுக்கட்டியவர் அவர். 2002 மார்ச்சில் வந்த ஓர் எபிசோடில், தன்னைப் பற்றி ரசிகர்கள் நடத்தும் இணையதளத்தைக் கண்டுபிடித்த ஜோஷ், அதில் பதில் எழுதப்போய் வாங்கிக் கட்டிக்கொள்கிறார். ரசிகர்களைக் கேலி செய்கிறாரா, தன்னையே கேலி செய்துகொள்கிறாரா என்று அதற்கும் ஒரு சண்டை நடந்தது.

'ஐசக் அண்ட் இஷ்மேல்' எபிசோடின் கடைசியில் எச்சரிக்கை விலகுகிறது. அலி குற்றமற்றவர் என்று தெரிகிறது. லியோ அவருடைய இடத்துக்குப் போகிறார். பாதியில் விட்ட வாக்கியம் எதுவென்று இப்போது சொல்லிவிடுகிறார்: குற்றவாளிகளின் முகச்சாயல் இருப்பதற்கான விலை. மன்னிப்பு என்று ஒரு வார்த்தை நேராக வருவதில்லை. உடனே மேஜைக்குத் திரும்பி வேலையில் உட்கார்ந்துவிட்டதற்காக அலியைப் பாராட்டிவிட்டுக் கிளம்புகிறார். இது போதுமா, போதாதா என்ற விவாதம்தான் அன்று நடந்திருக்க வேண்டியது.

அடுத்த புதன்கிழமை, அக்டோபர் 10 அன்று, மூன்றாவது சீசன் முறையாகத் தொடங்கியது. பார்ட்லெட்டின் சிரிப்புக்கு அர்த்தம் தெரிந்தது. ரசிகர்கள் தேர்தல் பிரசாரத்துக்குள் போய்விட்டார்கள். அதையும் சேர்த்துத் தொடர் இன்னும் ஐந்து சீசன்கள் ஓடியது. அவற்றில் எதிலும் ராகிம் அலி திரும்ப வரவில்லை.