பாசியைத் தின்றது யார்?

மண்டபம் பக்கம் மூங்கில் மிதவையில் கப்பாபைகஸ் கடல்பாசி வளர்க்கிறார்கள், தெரியும்தானே? 45 நாளில் அறுவடை. எடை குறைந்தால் உடனே "ஓரா மீன் தின்னுடுச்சு" என்கிறோம். எனக்கோ வங்கிக்காரன் புத்தி; வவுச்சர் இல்லாமல் செலவு எழுத மனசு வராது :-)

அளக்க வழி இருக்கிறது. நிறுத்த பாசித் துண்டுகளில் பாதியைத் திறந்தபடியும் பாதியை வலைக்கூண்டுக்குள்ளும் ஒரே இடத்தில் கட்டிவைத்து, ஒரு நாள் போல விட்டு, ஈரத்தை உதறி மறுபடி நிறுக்கிறார்கள். கூண்டுக்குள் இருப்பதும் அலையில் ஒடியும், அழுகும், ஏன், வளரக்கூடச் செய்யும். அந்த மாற்றத்தைச் சரிக்கட்டிய பிறகு நிற்கும் குறைவுதான் மீன் கணக்கு.

அப்போதும் எந்த மீன் என்று தராசு சொல்லாது. ஆஸ்திரேலியாவின் ஆர்ஃபியஸ் தீவில் பெல்வுட் குழு, கூண்டு போட்டுப் பாசியை மண்டவிட்டு, பிறகு கூண்டை எடுத்துவிட்டு வீடியோ வைத்தது. கிளிமீன்கள் மேயும் என்று எதிர்பார்த்தார்கள். பெரும்பாலும் மேய்ந்தது, பூச்சிபுழு தின்னி என்று கருதப்பட்ட ஒரு பேட்ஃபிஷ் (நம்ம குழம்பு வவ்வால் இல்லை)! 2006-ல் வெளியான முடிவு.

கடன் தவணையும் இழப்பீடும் "மீன் தின்றது" என்ற ஒற்றை வரியில் நிற்கும்போது, கடலில் இறங்குகிற பெண்களின் சொல்லை நம்பலாமா என்று ஏசி அறையில் விவாதிப்பது அநியாயம். மிதவைக்கு ஒரு கயிறாவது கூண்டுக்குள் இருக்கட்டும். கூண்டு நிழல் தட்டும், அழுக்குப் படியும், அடிக்கடி தேய்க்கணும். அந்தக் கூலியையும் கடன் திட்டத்திலேயே சேர்த்துவிடலாம்.