நோட்டோவின் வெள்ளைப் பாறைகள் அப்படியே இருக்கட்டும்

அலைதடுப்புச் சுவரும் தூண்டில் வளைவும் கட்டியே பணி ஓய்வு பெற்ற பொறியாளன் நான். எந்தக் கடற்கரையைப் பார்த்தாலும் இங்கே எத்தனை டன் கல் கொட்டலாம் என்றுதான் மனம் முதலில் கணக்குப் போடும். ஜப்பானின் நோட்டோ தீபகற்பத்தில் அந்தக் கணக்கு எடுபடவில்லை.

2024 ஜனவரி 1, புத்தாண்டு மாலை 4.10 மணி. 7.6 அளவு நிலநடுக்கம். நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள், வாஜிமா ஊரின் காலைச் சந்தைத் தெரு எரிந்து போனது. இதெல்லாம் நம் செய்திகளிலும் வந்தது. தீபகற்பத்தின் வடகரை மேலெழுந்த கதைதான் இங்கே அதிகம் பேசப்படவில்லை. சில இடங்களில் நான்கு மீட்டர் வரை, அதாவது ஒரு மாடிக்கும் மேல்!

குரோஷிமா மீன்பிடித் துறைமுகத்தில் நான் பார்த்தது இது: சுவர் நிற்கிறது, படகு கட்டும் தூண்கள் நிற்கின்றன, தண்ணீர் இல்லை. அலையை உடைக்கப் போட்ட கான்கிரீட் கட்டைகள் காய்ந்த தரையில் வேலையற்றுக் கிடக்கின்றன. சுற்றிலும் வெள்ளை வெளேரென்று பாறை. கடலடியில் பாறைமேல் படிந்து வளரும் சுண்ணாம்புப் பாசி, வெளியே வந்ததும் செத்து வெளுத்திருக்கிறது. அண்ணாந்து பார்த்தால் கரைக்குப் பின்னால் படிப்படியாக மேடுகள். கடந்த ஆறாயிரம் ஆண்டுகளில் இதே நிலம் முன்பும் எழுந்திருக்கிறது, அவை அந்தப் பழைய கரைகள். நில அறிவியல் பாடப் படத்தில் மட்டும் பார்த்ததைச் செருப்புக் காலோடு மிதித்து நடந்தேன்.

இந்தப் பாறையைக் கான்கிரீட்டால் மூடக் கூடாது என்பது என் வாதம். மீனவர்களின் துறைமுகங்களைத் தோண்டித்தான் ஆக வேண்டும், அதில் பேச்சே இல்லை. மூச்சடக்கி மூழ்கி நத்தையும் கடற்பாசியும் எடுக்கும் வாஜிமாப் பெண்களின் பிழைப்பு, எழுந்த பாறையோடு சேர்ந்து கரையேறிவிட்டது. அவர்களுக்குத்தான் முதல் பணம் போக வேண்டும். சென்மைதா என்னும் படிக்கட்டு நெல்வயல்களுக்கு அருகே மலை சரிந்து சாலையை மூடியபோது, எழுந்த கடலடியின் மேலேயே மாற்றுச் சாலை போட்டார்கள். கெட்டிக்கார வேலை, குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஆளும் படகும் இல்லாத கரையிலும் சுவர் எழுப்பும் கை நம் தொழிலுக்கே உண்டு. ஜப்பானியப் பொறியாளர்கள் அதில் நமக்கு அண்ணன்மார்.

துயரப்பட்ட ஊருக்கு வேடிக்கை பார்க்கப் போகலாமா என்று என் மனைவியே கேட்டாள். இடிந்த வீட்டின் முன் செல்ஃபி எடுப்பவர் போக வேண்டாம். அங்கே தங்கி, சாப்பிட்டு, வாஜிமா அரக்குக் கிண்ணமோ, மணல் பாத்தியில் கடல்நீரைத் தெளித்துச் சுசு ஊரில் எடுக்கும் உப்போ வாங்குபவர் தாராளமாகப் போகலாம். நம் சுற்றுலாக்காரர்கள் டோக்கியோ, ஃபுஜி, கியோட்டோ, ஒசாகாவோடு திரும்பிவிடுகிறார்கள். டோக்கியோவிலிருந்து, நோட்டோவுக்குப் போகும் வழியிலுள்ள கனசாவாவுக்குப் புல்லட் ரயிலில் இரண்டரை மணி நேரம்தான். அதற்கப்பால் ரயில் அனமிசு வரைக்கும் உண்டு. வாஜிமா வரை போன பாதையை 2001-லேயே மூடிவிட்டார்கள், ஆகவே மீதித் தூரம் பேருந்து.

பாறைக்கு இறங்க ஒரு படிக்கட்டு, தேதியும் எழுந்த உயரமும் எழுதிய ஒரு பலகை. இவ்வளவுக்கான மதிப்பீட்டை நான் இலவசமாகவே போட்டுத் தருவேன்.