எத்தனை ஜிபி என்று மட்டும் கேட்காதீர்கள்



கல்லூரி திறக்கும் நேரம் வந்தால் நம் சங்கரன்கோவில் வீடுகளில் ஒரு பேச்சு அடிபடும்: "பழைய லேப்டாப் ரொம்ப இழுக்குது, புதுசு வாங்கணும்." விசைத்தறியில் நின்ற காசையும் பூ விற்ற காசையும் அதற்கு எடுத்து வைக்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன்.

கடையில் நாம் கேட்பது ஒரே கேள்வி: "எத்தனை ஜிபி?" அது பீரோ எவ்வளவு பெரிது என்பதை மட்டும் சொல்லும். கேட்டதை எவ்வளவு சீக்கிரம் எடுத்துத் தரும் என்பது வேறு கணக்கு. அதிலும் இரண்டு வகை உண்டு. ஒரு மூட்டை அரிசியை அப்படியே தூக்கி வருவது ஒரு வேகம். அட்டையில் "விநாடிக்கு இத்தனை எம்பி" என்று பெரிதாகப் போடுவது இதைத்தான். சீட்டில் உள்ள நூறு சில்லறைச் சாமானை நூறு டப்பாவிலிருந்து எடுத்துக் கட்டுவது இன்னொரு வேகம். கம்ப்யூட்டர் ஆன் ஆவதும் பிரவுசர் திறப்பதும் பெரும்பாலும் இந்த இரண்டாம் வேலைதான்.

பழைய ஹார்ட் டிஸ்க் தோற்பது இங்கேதான். கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 7200 சுற்று என்றால் ஒரு சுற்றுக்குச் சுமார் 8.3 மில்லி விநாடி. வேண்டிய இடம் சுற்றி வர, சராசரியாக அரைச் சுற்று: 4.2. படிக்கும் முனை நகர்ந்து சேர ஏறக்குறைய 9. மொத்தம் 13 சொச்சம். அப்படியானால் விநாடிக்கு 75 தடவைதான் எடுக்க முடியும். லேப்டாப்பில் 5400 சுற்று டிஸ்க்கே அதிகம். அது இன்னும் மெதுவு. எஸ்எஸ்டியில் சுற்றும் தட்டே கிடையாது. விநாடிக்குப் பல ஆயிரம் தடவை எடுக்கும்.

2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், ஆரம்ப ஆண்டுகளில் வந்தவை ஹார்ட் டிஸ்க் போட்டவை. பரணில் கிடக்கும் அவற்றைப் பழைய இரும்புக்குப் போடுமுன் ஒரு சோதனை செய்யுங்கள். இழுக்கும்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்தால், 'டிஸ்க்' 100 சதவீதத்திலேயே நிற்கிறதா? சாட்டா எஸ்எஸ்டி ஒன்று மாற்றினாலே பெரிய வித்தியாசம் தெரியும். 'மெமரி'யும் நிரம்பி இருந்தால் ராமையும் கூட்ட வேண்டும்.

புதிதாக வாங்குகிறவர்கள், கடையிலேயே கிரிஸ்டல்டிஸ்க்மார்க் என்ற இலவச மென்பொருளை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மேல் வரியில் வரும் பெரிய எண்ணில் மயங்காதீர்கள். 'ஆர்என்டி4கே க்யூ1டி1' என்ற கடைசி வரியைப் பாருங்கள். ஹார்ட் டிஸ்க்கில் அது 1 எம்பியைத் தொடுவதே அபூர்வம். எஸ்எஸ்டியில் 20-க்கு மேல் வருவது சாதாரணம். போன் மெமரி கார்டு என்றால் 'ஏ1' முத்திரையைத் தேடுங்கள். விநாடிக்கு 1500 தடவை படிக்கவும் 500 தடவை எழுதவும் முடியும் என்பதற்கான அடையாளம் அது.

பள்ளிகளுக்கும் அலுவலகங்களுக்கும் கணினி வாங்குகிறவர்களுக்கும் இதே வேண்டுகோள். டெண்டரில் கொள்ளளவை மட்டும் எழுதினால், மலிவான மெதுவான டிஸ்க்தான் வந்து சேரும். சில்லறை வேகத்துக்கும் ஒரு எண் எழுதுங்கள். வந்த பிறகு அளந்து பார்த்து வாங்குங்கள். துணிக்கடையில் மீட்டர் போட்டு அளந்து வாங்கும் நாம், இதை மட்டும் ஏன் அளக்காமல் வாங்க வேண்டும்?