குப்பையில் குவியுது பேப்பர்... ஆனாலும் இந்தியா வெளிநாட்டில் வாங்குவது ஏன்?

டன் கணக்கில் காகிதத்தைக் குப்பையில் கொட்டும் இந்தியா, அமெரிக்கா, ஐரோப்பாவிலிருந்து பழைய அட்டைப்பெட்டிகளைக் காசு கொடுத்து வாங்குகிறது. என்ன காரணம்?

பழைய நியூஸ் பேப்பரை எடைக்குப் போடாத வீடு குறைவு. சிக்கல் மற்ற காகிதத்தில்தான். சாப்பாட்டுக் கழிவோடு நனைஞ்சா ஆலைக்கு ஆகாது. தரம் பிரிக்கணும்னு 2016 விதிகள் சொல்லியும், பல ஊர்களில் எல்லாம் ஒரே வண்டியில்தான் போகுது.

இன்னொன்று, ஒவ்வொரு முறை கூழாக்கும்போதும் நார் குட்டையாகும். உள்ளூர் அட்டையில் பெரும்பகுதி ஏற்கெனவே மறுசுழற்சி ஆனது. அமெரிக்க அட்டையில் ஊசியிலை மரங்களின் நீள நார் இருப்பதால் கிராக்கி.

2018-ல் கலப்புக் காகிதத்துக்கும், 2021-ல் எல்லா திடக்கழிவுக்கும் சீனா கதவடைத்தது. அந்தச் சரக்கில் ஒரு பங்கு இந்தியா பக்கம் திரும்பியது. கப்பலில் வருவது மலிவானால், தெருவில் அட்டை பொறுக்குபவருக்குப் பழைய பேப்பர் கடையில் கிடைக்கும் கிலோ விலையும் இறங்கிவிடும்.