‘நல்லாத்தான் பேசுறார்’ என்று அனுப்பிவிடுகிறார்கள்

பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியிலிருந்து சித்தப்பா வீடு திரும்பிய முதல் வாரம். தட்டில் மூன்று இட்லி வைத்தால் வலப்பக்கம் இருப்பதை மட்டும் தின்றுவிட்டு, “இன்னும் ரெண்டு வையேன்” என்பார். இடப்பக்கத்து இட்லியும் சட்னியும் அப்படியே கிடக்கும். முகம் மழித்தால் வலது கன்னம் மட்டும். சட்டையில் இடது கையை நுழைக்காமலே பொத்தான் போடப் பார்ப்பார். “வேணும்னே செய்றார்” என்று சித்தி அழுதார். நாங்களும் அதட்டினோம். நினைத்தால் இன்றும் நெஞ்சு அடைக்கிறது.

அது பிடிவாதம் இல்லை. மூளையின் வலப்பாதி பாதிக்கப்பட்ட பலருக்கு உடம்பின் இடப்பாதி கவனத்திலிருந்தே நழுவிவிடுகிறது. கண் தெரியும், பேச்சு தெளிவாக இருக்கும். இடது கை என்று ஒன்று தனக்கு உண்டு என்பது மட்டும் மனசில் ஏறாது. சிலர் கை விழுந்ததையே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். தன் முடக்கத்தைத் தானே அறியாத அந்த நிலைக்கு பாபின்ஸ்கி என்ற பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் 1914லேயே பெயர் வைத்துவிட்டார். எங்கள் டிஸ்சார்ஜ் சீட்டில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை.

இடது மூளை பாதித்தால் பெரும்பாலும் பேச்சு போகும், வீடே பதறும். வலது மூளை பாதித்தவர் கணீரென்று பேசுவதால் எல்லாரும் நிம்மதியாகிவிடுகிறோம். பக்கவாதத்தின் கடுமையை அளக்க மருத்துவர்கள் பயன்படுத்தும் என்ஐஎச் அளவுகோலிலேயே 42 புள்ளிகளில் மொழி சார்ந்தவை 7. இந்தக் கவனக்குறைக்கு வெறும் 2.

தனக்கு இல்லாத கைக்கு யார் பயிற்சி செய்வார்? பிசியோ வந்து கையைத் தூக்கி இறக்கும் அரை மணி நேரமும் சித்தப்பா வலப்பக்கச் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மற்ற நேரமெல்லாம் அந்தக் கை கட்டிலுக்கு வெளியே தொங்கியது, உடம்புக்கடியில் நசுங்கியது, ஒருநாள் சக்கர நாற்காலியில் சிக்கியது. கொஞ்சம் நடக்கத் தொடங்கியபோது நிலைப்படியில் இடது தோள் மோதி விழுந்தார். உடம்பு வேகமாகத் தேறக்கூடிய முதல் மூன்று மாதமும் இப்படியே போயிற்று.

இதைக் கண்டுபிடிக்க ஸ்கேன் வேண்டாம். “வலது கையால இடது கையைத் தொடுங்க” என்று சொல்லிப் பார்க்கலாம். சீப்பைக் கொடுத்துத் தலை வாரச் சொல்லலாம். தாளில் ஒரு கோடு போட்டு நடுவில் குறிக்கச் சொன்னால், குறி வலப்பக்கம் தள்ளி விழும். சில நிமிட வேலை.

பக்கவாத நோயாளி யாரையும் இந்தச் சோதனை இல்லாமல் வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்று சுகாதாரத் துறை உத்தரவு போட வேண்டும். முடிவைச் சீட்டில் தமிழில் எழுதி, வீட்டாரை உட்காரவைத்து விளக்க வேண்டும். 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோக்கள் வீடு தேடியே வருகிறார்கள்; முதல் வருகையிலேயே அவர்களும் இதைப் பார்க்கட்டும். சாப்பிடவும் உடுத்தவும் மறுபடி பழக்குகிற ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஒருவராவது ஒவ்வொரு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் இருக்க வேண்டும்.

எங்களுக்கு விஷயத்தைச் சொன்னது ஐந்தாம் மாதம் வந்த இளம் பிசியோ ஒருத்தி. மறுநாளே சித்தி சாப்பாட்டு மேசையின் இடது ஓரத்தில் சிவப்பு டேப் ஒட்டினார். “சிவப்பு தெரியுற வரைக்கும் திரும்புங்க” என்று ஒவ்வொரு வேளையும் சொல்லிச் சொல்லி, இப்போது மூன்று இட்லியும் தீர்கிறது. கை தொங்கித் தொங்கி இறங்கிய இடது தோள் மட்டும் இன்னும் ஏறவில்லை.