கசிவை நிறுத்துவது வலிமையன்று, வளையமே!

பெருந்தேர் உருள்வதும் ஒரு சிற்றாணியின் உறுதியால்தான் என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. தேர் போய் உந்துவண்டி வந்துவிட்ட இந்நாளிலும் அவ்வுண்மை மாறிற்றில்லை. உழவர், ஆசிரியர், பால்காரர், கொத்தர் என எல்லாரையும் இன்று சுமந்து செல்வது ஈருருளி உந்தே. அதன் பொறியின் அடிவயிற்றில் ஒரு மரையாணி தலைகீழாக நிற்கின்றது. அதன் கழுத்தில் சில உருபா விலையுள்ள ஒரு வளையம் கிடக்கின்றது. பொறியின் உயிர் இவ்விரண்டையும் நம்பியிருக்கின்றது என்பதை அறிந்தவர் எத்துணைப் பேர்? அறியாமையால் நேரும் இழப்போ ஆயிரக்கணக்கில். எனவே இச்சிறு பொருளைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டியுள்ளது.

முற்காலத்தில் இச்சிக்கல் இத்துணைப் பரவலாக இருந்ததில்லை. இராசதூத்து, சாவா, எசுதி முதலிய இருவீச்சுப் பொறி வண்டிகளில் பொறிக்கு வேண்டிய உயவெண்ணெய் கன்னெய்யோடு கலந்தே ஊற்றப்பட்டு எரிந்துபோயிற்று. பல்லிணைப் பெட்டியின் எண்ணெயை மட்டுமே மாற்ற வேண்டியிருந்தது. சென்னைத் திருவொற்றியூரில் உருவான புல்லட்டு நால்வீச்சுப் பொறியுடையதே. ஆயினும் அதனை வாங்க வல்லார் சிலரே. 1985ஆம் ஆண்டில் ஈரோ ஓண்டா நிறுவனத்தார் சி.டி.100 என்னும் வண்டியைக் கொணர்ந்த பின்னரே நால்வீச்சுப் பொறி எளியோர் வாயிலுக்கும் வரத் தொடங்கிற்று. இவ்வகைப் பொறியில் எண்ணெய் எரிந்துபோவதற்கு உரியதன்று. அடிவயிற்றில் தங்கி, உந்துதண்டு, பற்சக்கரங்கள், ‘கிளச்சு’ எனப்படும் இணைப்பி ஆகிய அனைத்தையும் நனைத்துக் காப்பது. சிறு வண்டிகளில் அதன் அளவு ஒரு லிட்டருக்கும் குறைவு. அச்சிறு அளவும் சொட்டுச் சொட்டாகக் கசிந்து போயின் பொறி வறண்டு இறுகி நின்றுவிடும். கசிந்த எண்ணெய் பின்னுருளியில் படின் வண்டி வழுக்கும். ஓட்டுநர் உயிருக்கே ஏதம்.

எண்ணெயை வடிப்பதற்கெனப் பொறியின் அடியில் உள்ள மரையாணியைப் பட்டறைகளில் ‘டிரெயின் நட்டு’ என்பர். நாம் வடிப்பாணி என்போம். அதன் கழுத்தில் உள்ள வளையத்தை ‘வாசர்’ என்பர். நாம் அடைவளையம் என்போம். இவற்றுள் எண்ணெயைத் தடுத்து நிறுத்துவது எது? ஆணியின் புரிதான் என்று பலரும் எண்ணுகின்றனர். அது பிழை. புரிகளுக்கிடையே எப்போதும் நுண்ணிய வழி உண்டு. எண்ணெய் அதனூடே சுற்றிச் சுற்றி இறங்கிவிடும். புரியின் வேலை ஆணியை மேல்நோக்கி இழுத்துப் பிடிப்பது மட்டுமே. எண்ணெயைத் தடுப்பது, ஆணியின் தலைக்கும் பொறியின் முகத்துக்கும் இடையே நசுங்கிக் கிடக்கும் வளையம். அது செம்பாகவோ அலுமினியமாகவோ இருக்கும். தான் மென்மையாக இருப்பதால் இருபுறத்து மேடுபள்ளங்களுக்கும் இணங்கி நசுங்கி அவ்வளையம் வழியை அடைக்கின்றது. ஆகவே, கசிவு கண்டவிடத்து மாற்ற வேண்டியது வளையம். கூட்ட வேண்டியது வலிமையன்று.

பட்டறைகளிலோ நடப்பது நேர்மாறு. எம்மோடு பணியாற்றும் ஆசிரியர் ஒருவர் வண்டியில் எண்ணெய் மாற்றிய பின் நாளுக்குச் சில துளிகள் சொட்டலாயின. வளையத்தை மாற்றுமாறு அவர் கேட்டபோது, “ஐயா, வாசரெல்லாம் வேண்டியதில்லை; இன்னுங் கொஞ்சம் இறுக்கிவிட்டால் நின்றுவிடும்” என்று விடை வந்தது. திருகுகோலில் இரும்புக் குழாயைச் செருகி இறுக்கினர். அன்று சொட்டு நின்றது. அடுத்த முறை எண்ணெய் மாற்ற ஆணியைக் கழற்றியபோது, பொறியின் உட்புரி முழுவதும் சுருள்கம்பி போல் ஆணியோடு வெளியே வந்துவிட்டது! சில உருபாவில் முடிந்திருக்க வேண்டிய வேலை, துளையைப் பெரிதாக்கிப் புதுப்புரி வெட்டிச் சுருட்கம்பிச் செருகு பதிக்கும் அளவிற்குப் போயிற்று.

இது வியப்பன்று. ஆணி எஃகால் ஆயது. பொறியின் உடலோ அலுமினியக் கலவை. வன்மையும் மென்மையும் மோதின் மென்மையே தோற்கும். இதனைக் கருதியே ஆக்கியோர் முடுக்க வேண்டிய அளவை வரையறுத்துள்ளனர். ஓண்டா நிறுவனத்தின் சிறு வண்டிகள் பலவற்றில் வடிப்பாணியின் முறுக்குவிசை 24 நியூட்டன் மீட்டர். எளிய கணக்கில் சொன்னால், 24 செண்டிமீட்டர் நீளமுள்ள திருகுகோலின் முனையில் ஏறத்தாழ 10 கிலோ எடையைத் தொங்கவிட்டால் உண்டாகும் முறுக்கு. அரை மீட்டர்க் குழாயைச் செருகி ஓர் இளைஞன் 40 கிலோ எடைக்கு நிகராக அழுத்தினால் விளையும் முறுக்கு அதனினும் எட்டு மடங்குக்கு மேல்! மென்மாழைப் புரி இதனைத் தாங்குமா?

“பல்லாண்டாக ஒரே வளையத்தைத்தான் போடுகின்றோம்; ஒன்றும் ஆகவில்லையே” என்பார் உளர். அவர்தம் பட்டறிவை யாம் இகழவில்லை. செம்பு வளையம் நசுங்க நசுங்கக் கெட்டிப்படும். அதனைச் சிவக்கக் காய்ச்சி ஆறவிட்டால் மீண்டும் மென்மை பெறும். எஃகு சிவக்கக் காய்ந்து நீரில் தோய்ந்தால் கெட்டிப்படும். செம்போ அவ்வாறு செய்யினும் குழைவே பெறும். எனவே தட்டையாகவும் வடுவின்றியும் உள்ள செம்பு வளையத்தைக் காய்ச்சிப் பயன்படுத்துவதில் பிழையில்லை. ஆனால் எத்துணைப் பட்டறைகளில் காய்ச்சுகின்றனர்? அலுமினிய வளையத்துக்கோ அவ்வழியும் இல்லை. அது 660 பாகை வெப்பத்தில் சிவந்து காட்டாமலேயே உருகிவிடும். ஒருமுறை நசுங்கியதை மாற்றுவதே முறை. சில வண்டிகளில் மாழை வளையத்துக்கு மாறாகத் தொய்வ வளையம் உண்டு. வேறு சிலவற்றில் மூடியைக் கழற்றினால் சுருள்வில்லும் வடிவலையும் உடன்வரும். ஒன்றன் முறை மற்றொன்றுக்குப் பொருந்தாது. நூல் சுற்றிப் பசை தடவுவதும் தீர்வன்று. பிதுங்கிய பசை உள்ளே உதிர்ந்தால் எண்ணெய் வழியையே அடைத்துவிடும்.

குற்றம் பட்டறைச் சிறுவனுடையதா? அன்று. அவன் கையில் ‘வாசர்’ என்னும் ஒலியைக் கொடுத்தோம், பொருளைக் கொடுத்தோமில்லை. அடைவளையம் என்று சொல்லிக் கொடுத்திருந்தால் ‘இது அடைப்பதற்கு உரியது’ என்று அப்பெயரே அவனுக்குப் பாடம் நடத்தியிருக்கும். முறுக்குவிசை அளவுகளைத் தாங்கிய பட்டறைக் கையேடுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் கிடக்கின்றன. எட்டாம் வகுப்போடு பட்டறைக்கு வந்தவன் அவற்றை எங்ஙனம் படிப்பான்? அறிவை அவனுக்கு எட்டாத மொழியில் பூட்டி வைத்துவிட்டு, ‘கைவலிமையால் கெடுத்தான்’ என்று அவனைப் பழிப்பது அறமாகாது. தமிழ்நாட்டில் வண்டி விற்று ஊதியம் காண்போர் தமிழில் பட்டறைக் கையேடு தருதல் கடமை. தொழிற்பயிற்சி நிலையங்களும் இவ்வளவுகளைத் தமிழில் எழுதிச் சுவரில் தொங்கவிடலாம், பெருஞ்செலவில்லை.

வண்டியுடையாருக்கும் பங்குண்டு. எண்ணெய்க்கு நூற்றுக்கணக்கில் கொடுப்பவர் வளையத்துக்குப் பத்து உருபா கொடுக்கத் தயங்குவது என்ன சிக்கனம்? எண்ணெய் வாங்கும்போதே தம் வண்டிக்குரிய வளையத்தையும் கேட்டு வாங்குக. பொறியைச் சில மணித்துளி ஓட்டி எண்ணெய் இளகிய பின் வடிக்கச் சொல்லுக. அழுக்கும் உடன் இறங்கும். பழைய வளையம் பொறியின் முகத்தில் ஒட்டியிருக்கின்றதா எனப் பார்த்து எடுக்கச் செய்க. அதன்மேல் புதியதையும் வைத்தால் இரண்டும் சேர்ந்து கசியும். முகத்தைத் துடைத்து, முதற் சுற்றுகளை விரலாலேயே ஏற்றுமாறு கூறுக. விரலுக்கு ஏறாத ஆணி கோணிச் செல்கின்றது என்று அறிக. இறுதியில் அளவறிந்து முடுக்குக. முறுக்குவிசை காட்டும் கருவி இல்லாவிடத்துக் குட்டைத் திருகுகோலே போதும். குழாயைத் தொட விடாதீர்! வடித்த பழைய எண்ணெயைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றாது, கலத்தில் அடைத்துப் பழைய எண்ணெய் கொள்வாரிடம் சேர்ப்பிக்க.

சிறியது என்று எதனையும் தள்ளுதல் அறிவுடைமையன்று. தொழிலை அறிந்து செய்பவனும் அறியாது செய்பவனும் ஒரே கருவியைத்தான் கையில் பிடிக்கின்றனர். வேறுபாடு ‘ஏன்’ என்னும் வினாவில் உள்ளது. அவ்வினாவிற்குரிய விடையை நம் பட்டறை இளைஞர்க்கு நம் மொழியில் கொடுப்போம். அவன் கையிலுள்ள இரும்புக் குழாய் தானே கீழே விழும்.