பைக்ல எக்ஸ்ட்ரா லைட் மாட்டப் போறீங்களா? வயரிங்ல பேரம் பேசாதீங்க



சம்பளம் வந்த முதல் வாரம். பைக்குக்கு ஒரு ஜோடி ஃபாக் லைட், ஹேண்டில்பார்ல ஒரு மொபைல் சார்ஜர் போடலாம்னு தோணும். ஆசைப்படறதுல தப்பே இல்லை. ஆனா லைட்டோட விலையை மட்டும் வெச்சு பட்ஜெட் போடுறது தப்பு. அந்தத் தப்பைப் பண்ணினது நான். அனுபவிச்சது என் தம்பி.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி பொங்கலுக்கு அவன் பைக்குக்கு லைட் வாங்கிக் கொடுத்தேன். ஜோடி 2,800 ரூபாய். ரிலே, ஃபியூஸ், தனி வயரோட மாட்டித்தர 900 ரூபாய் கேட்டாங்க. "ரெண்டு வயரை இணைக்க 900 ரூபாயா?"ன்னு பேரம் பேசி 300க்கு முடிச்சேன். ரிலே கிடையாது. ஹெட்லைட் வயரைச் சீவி, அதுலயே முறுக்கி, டேப் சுத்திட்டாங்க. 600 ரூபாய் மிச்சம் பண்ணினோம்னு எனக்குப் பெருமை வேற.

ஒரே மாசத்துல ஃபியூஸ் போச்சு. வழியில ஒரு மெக்கானிக், 10 ஆம்ப்ஸ் ஃபியூஸ் இருந்த இடத்துல 20 ஆம்ப்ஸ் போட்டுட்டு, "இனிமே போகாது தம்பி"ன்னு சொன்னார். உண்மைதான், ஃபியூஸ் போகலை. வயர் உருகிடுச்சு. ராத்திரி 11 மணி, விக்கிரவாண்டி தாண்டி ஹைவேல, ஹெட்லைட்டும் பின் லைட்டும் ஒண்ணா அணைஞ்சு போச்சு. எப்படியோ ஓரம் கட்டிட்டு போன் பண்ணினான். "அண்ணா, பின்னாடி வந்த லாரிக்கு நான் ரோட்டுல இருக்கறதே தெரியல" என்றான்.

600 ரூபாய் மிச்சத்தோட பில்

வயரிங் செட் 4,200. லேபர் 1,100. வண்டியை ஏத்திட்டு வந்த செலவு 1,500. மொத்தம் 6,800 ரூபாய். வாரன்ட்டி கேட்டதுக்கு, "வெளியில வயரைக் கட் பண்ணியிருக்கீங்க"ன்னு கையை விரிச்சுட்டாங்க. அவங்க மேல கோபப்பட எனக்கு நியாயம் இல்லை.

இன்சூரன்ஸ் பாலிசியை அன்னிக்குத்தான் முழுசா படிச்சேன். தீப்பிடிச்சா அது கவர் ஆகும் ஆபத்து. ஆனா "எலெக்ட்ரிகல் பிரேக்டவுன்" விலக்கப்பட்ட பட்டியல்ல இருக்கு. வயர் உருகி வண்டி நின்னுபோனா அது இந்தப் பட்டியல்லதான் வரும். செலவு முழுக்க நம்ம தலையிலதான்.

கணக்கு ரொம்ப சிம்பிள்

20 வாட் லைட் ரெண்டு, மொத்தம் 40 வாட். 12 வோல்ட்டால வகுத்தா 3.3 ஆம்ப்ஸ். நிறைய பைக்ல இருக்கற 35 வாட் ஹெட்லைட் பல்பு சுமார் 3 ஆம்ப்ஸ் இழுக்கும். அந்த பல்புக்காகப் போட்ட வயர்லயே புது லைட்டையும் சேர்த்தா, லோடு ரெண்டு மடங்குக்கு மேல ஆகுது. அதுவும் 2017 ஏப்ரல்ல இருந்து புது டூவீலர்கள்ல எஞ்சின் ஓடும்போதெல்லாம் ஹெட்லைட் எரிஞ்சுட்டேதான் இருக்கும். அந்த வயருக்கு ஓய்வே கிடையாது.

சரியான முறை இதுதான். பேட்டரி பாசிட்டிவ்ல இருந்து தனி வயர். பேட்டரிக்குப் பக்கத்துலயே 5 ஆம்ப்ஸ் ஃபியூஸ். அங்கிருந்து ரிலேயோட 30ஆம் நம்பர் பின்; 87ல இருந்து லைட்டுக்கு. 85, 86 ரெண்டும் ஸ்விட்ச்சுக்கும் கிரவுண்டுக்கும். ஸ்விட்ச் வழியா ரொம்பக் கொஞ்சம் கரன்ட்தான் போகும். பெரிய லோடை ரிலே பார்த்துக்கும். ஸ்விட்ச்சுக்கு வர்ற கரன்ட்டை, சாவி போட்டாத்தான் உயிர் வர்ற வயர்ல இருந்து எடுக்கச் சொல்லுங்க. இல்லேன்னா அணைக்க மறந்த லைட், 5 ஏ.எச். பேட்டரியை ஒன்றரை மணி நேரத்துல காலி பண்ணிடும்.

ஃபியூஸ் லைட்டைக் காப்பாத்த இல்லை, வயரைக் காப்பாத்த. அடிக்கடி போகுதுன்னா அது எச்சரிக்கை. பெரிய ஃபியூஸ் போடறது, எச்சரிக்கை மணியை நாமே கழட்டி வைக்கிற மாதிரி.

"எல்லாரும் இப்படித்தானே மாட்டுறாங்க?"

கேப்பீங்கன்னு தெரியும். பல பேருக்கு ஒண்ணும் ஆகறதில்லை, உண்மைதான். அக்கவுண்ட்ஸ்ல "கன்டின்ஜென்ட் லயபிலிட்டி"ன்னு ஒண்ணு உண்டு. இன்னிக்கு அது செலவு இல்லை, ஆனா ஒரு சம்பவம் நடந்தா கடனா வந்து நிக்கும். சீவின வயர் அந்த மாதிரிதான். அதை மறைச்சு எழுதின பேலன்ஸ் ஷீட்டை நான் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க மாட்டேன். சொந்தத் தம்பி விஷயத்துல அதைத்தான் பண்ணியிருந்தேன்.

வாங்கறதுக்கு முன்னாடி

முதல்ல, உங்களுக்கு இது தேவையான்னு பாருங்க. தினமும் வேளச்சேரில இருந்து தரமணி போறவங்களுக்குத் தேவையே இல்லை. இருக்கற ஹெட்லைட்டோட கண்ணாடியைத் துடைச்சு, ஃபோகஸை சரி பண்ணினாலே பாதிப் பிரச்னை தீரும்.

ரெண்டாவது, சட்டம். முன்பக்கம் ஸ்பாட் லைட், சர்ச் லைட் மாட்டறதை மத்திய மோட்டார் வாகன விதி 111 தடுக்குது; சிறப்புச் சூழ்நிலையில பதிவு அதிகாரியோட முன் அனுமதி வேணும். கண்ணைக் கூசற லைட் எதிர்ல வர்றவருக்கு ஆபத்து. கடைல விக்கறாங்கங்கிறதால அது சட்டப்படி சரின்னு ஆகாது. உங்க மாடலுக்குக் கம்பெனியே லைட் கொடுத்தா, அதையே சர்வீஸ் சென்டர்ல பில்லோட மாட்டுங்க.

மூணாவது, இன்சூரன்ஸ்ல சொல்லுங்க. கம்பெனி விலைல சேராத எலெக்ட்ரிகல் அக்சஸரிஸுக்கு காம்ப்ரிஹென்சிவ் பாலிசில தனியா கவர் எடுக்கலாம். மோட்டார் டாரிஃப் கணக்குப்படி மதிப்புல 4 சதவீதம். 3,700 ரூபாய் பொருளுக்கு 148 ரூபாய், ஜி.எஸ்.டி. சேர்த்தா சுமார் 175. வருஷத்துக்கு ஒரு பிரியாணி காசு. பில் இல்லாம ரொக்கமா வாங்கினா, இதுக்கும் வழியில்லை, வாரன்ட்டிக்கும் வழியில்லை.

என் கருத்து இவ்வளவுதான்: லைட்டுக்குக் காசு இருந்து, வயரிங்குக்கு இல்லைன்னா, உங்ககிட்ட லைட் வாங்கக் காசு இல்லைன்னு அர்த்தம். அடுத்த மாசச் சம்பளம் வரட்டும்.

ஏற்கனவே மாட்டிட்டீங்களா? இன்னிக்கு சாயங்காலம் பைக்கோட சைடு பேனலைக் கழட்டுங்க. ஃபியூஸ் பாக்ஸ் மூடியில என்ன நம்பர் போட்டிருக்கு, உள்ளே என்ன நம்பர் ஃபியூஸ் இருக்குன்னு பாருங்க. ரெண்டும் ஒத்துப்போகலைன்னா, அதைச் சரி பண்ணிட்டு அப்புறம் ஊருக்குக் கிளம்புங்க.